யசாவா தீவுகளில் ஒரு பள்ளிச் சேவைப் பயணம்: உடன்சென்ற ஆசிரியரின் மதிப்புரை

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பசிபிக் தீவுக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள குடும்பங்களோடு தங்கவைத்து, ஊருக்குப் பயன்படும் ஏதேனும் ஒரு வேலையைச் செய்யவைக்கும் சேவைப் பயணங்கள் ஆஸ்திரேலியப் பள்ளிகளில் இப்போது பரவலாகிவிட்டன. பெரும்பாலான பள்ளிகள் இவற்றைத் தாமே நடத்துவதில்லை. இதற்கென்றே இருக்கும் தனியார் நிறுவனங்கள் விமானச் சீட்டு முதல் கிராமத்தில் விரிக்கும் பாய் வரை எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் ஏற்பாடு செய்து தருகின்றன. மெல்பர்னில் நான் பணிபுரியும் பள்ளிக்காக அப்படியொரு நிறுவனம் ஃபிஜி நாட்டின் யசாவா தீவுகளில் நடத்திய பயணத்தில் நானும் உடன்சென்றேன். பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் என்னிடம் விவரம் கேட்டதால் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை; கிராமத்தின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன், ஏனெனில் அவ்வூராருக்கு இணையத்தில் விளம்பரம் தேவைப்படவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் குடும்பங்களோடு வாழ்ந்த பகுதி கொடுத்த பணத்துக்கு மேலாகவே மதிப்புள்ளது. "சேவை" என்று விளம்பரப்படுத்தப்பட்ட பகுதி, தேர்ச்சி மதிப்பெண்ணை மட்டுமே எட்டியது. அதுவும் நிறுவனம் போட்ட திட்டத்தால் அன்று, ஊரார் அத்திட்டத்தைத் தங்கள் போக்கில் மாற்றிக்கொண்டதால். கட்டணக் கணக்கைத் திறந்து காட்டும் விஷயத்தில் அந்த மதிப்பெண்ணைக்கூட என்னால் தர இயலாது.

மெல்பர்னிலிருந்து நாண்டி நகருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேர விமானப் பயணம். நாண்டியை அடுத்த டெனராவ் துறைமுகத்திலிருந்து காலையில் புறப்படும் மஞ்சள் நிறப் பெரும்படகு ஒவ்வொரு தீவாக நின்று நின்று வடக்கே செல்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட ஃபிஜியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தீவுகளில்தான் மக்கள் வாழ்கிறார்கள். அவற்றுள் எரிமலைப் பாறையால் உருவான யசாவா தீவுக்கூட்டம் பிரதானத் தீவான வீட்டி லெவுவுக்கு வடமேற்கே ஒரு நீண்ட கோடாகக் கிடக்கிறது. 1980களின் பிற்பகுதி வரை வெளிநாட்டுப் பயணிகள் இங்கே கரையிறங்கித் தங்க அரசு இடம் தரவில்லை என்பதால், கடற்கரை விடுதிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் கிராமங்கள் தங்கள் ஒழுங்கைப் பெரும்பாலும் தாமே நடத்திவருகின்றன. பெரும்படகு கரைக்கு வருவதில்லை. நடுக்கடலில் அது நிற்க, கிராமத்துச் சிறு படகு அருகில் வந்து அணைய, பைகளும் பிள்ளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க வேண்டும். நிறுவனத்தின் மீது எனக்குள்ள முதல் குறை இங்கேதான். சிறு படகில் கொடுக்கப்பட்ட லைஃப் ஜாக்கெட்டுகளில் சிலவற்றின் கொக்கி உடைந்திருந்தது. ஒன்றை நைலான் கயிற்றால் முடிச்சிட்டு வைத்திருந்தார்கள். பயணத்துக்கு முன் எங்களுக்கு அனுப்பப்பட்ட நீண்ட பாதுகாப்பு அறிக்கையில், எல்லா உபகரணங்களும் பரிசோதிக்கப்பட்டவை என்று எழுதியிருந்தது. உடன்சென்ற நாங்கள் மறுத்துப் பேசியபின் வேறு ஜாக்கெட்டுகள் வந்தன. உங்கள் பள்ளி இப்பயணத்தைப் பரிசீலித்தால், இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள்.

முன்தயாரிப்பு வகுப்புகளும் இதே ரகம்தான். என்ன உடை, எத்தனை சட்டை, எந்தக் கொசு மருந்து என்பதெல்லாம் விரிவாகச் சொல்லப்பட்டன. ஃபிஜியில் மலேரியா இல்லை, டெங்கு உண்டு என்பதும், டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகைத் தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் முன்னதாகவே பேசிவிட வேண்டும் என்பதும் சரியாகவே விளக்கப்பட்டன. ஆனால் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராகக் "கடற்கரை விளையாட்டுகள்" என்று போட்டிருந்தார்கள். ஊரே தேவாலயத்துக்குச் சென்று, வேலையும் விளையாட்டும் விலக்கி, குடும்பத்தோடு உண்டு ஓய்வெடுக்கும் நாளில் கடற்கரையில் பந்து விளையாட அந்தக் கிராமம் அனுமதிப்பதில்லை. ஆண்டுதோறும் அதே ஊருக்கு மாணவர்களை அனுப்பும் நிறுவனத்துக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. வேறெங்கோ போட்ட நிரலை அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு தனிக் குறிப்பு: ஃபிஜியின் உயிரியல் பாதுகாப்புச் சோதனை கண்டிப்பானது. பையில் வைத்து அனுப்பும் ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு எதுவாயினும் வருகைப் படிவத்தில் அறிவிக்கச் சொல்லிப் பிள்ளையைப் பழக்கி அனுப்புங்கள்.

நிறுவனத்தின் மெல்பர்ன் அலுவலகத்தைப் பற்றி இவ்வளவு குறை சொல்லும் நான், நாண்டியில் எங்களோடு சேர்ந்துகொண்ட உள்ளூர் வழிகாட்டியைப் பற்றி நல்லதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாது. நாண்டிச் சந்தையில், கவா என்ற பானம் கரைக்கப் பயன்படும் யங்கோனா வேர்க்கட்டு வாங்கும்போதே, வேரின் பருமனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி, எதற்காக அதைக் கொண்டுசெல்கிறோம் என்று மாணவர்களுக்கு நிதானமாக விளக்கியவர் அவர். கிராம எல்லையில் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றச் செய்து, தோள் மறையும்படி உடுத்தி, இடுப்பில் சூலு என்ற துணியைக் கட்டவைத்து, ஊர்மண்டபத்துக்கு அழைத்துச் சென்றார். வருகை தருபவர் ஊர்த்தலைவரிடம் அனுமதி கேட்கும் செவுசெவு என்ற சடங்கு அங்கே நடந்தது. செய்தித்தாளில் சுற்றி நாடா கட்டிய அந்த வேர்க்கட்டைக் கையில் கொடுக்கவில்லை. தலைவருக்கு முன்னால் பாயின்மீது வைத்தார்கள். எங்கள் சார்பில் வழிகாட்டி பேச, தலைவரின் சார்பில் ஒரு முதியவர் கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டு நெடுநேரம் பேசினார். பிறகு மரத்தொட்டியில் வேர்ப்பொடியைக் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு, ஒருமுறை கைகொட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மும்முறை கைகொட்டினார்கள். ஆசிரியர்கள் குடித்தோம், மண்ணும் மிளகும் கலந்தாற்போன்ற சுவை, நாக்கு சற்று மரத்துப்போகும். மாணவர்கள் குடிக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. அதை வழிகாட்டி முன்கூட்டியே தலைவரிடம் சொல்லிவைத்திருந்ததால் யாருக்கும் மனத்தாங்கல் உண்டாகவில்லை. விடுதிகளில் பயணிகளுக்காக நடத்தப்படும் சடங்கை நான் வேறொரு சமயம் பார்த்திருக்கிறேன். இது அப்படிப்பட்ட காட்சி அன்று. இதற்குப்பின் பிள்ளைகள் இருட்டில் கழிப்பறைக்குப் போனாலும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து யாரோ கைவிளக்கோடு எட்டிப் பார்த்தார்கள். வந்தவர்களைக் காப்பது ஊரின் பொறுப்பாகிவிட்டது என்பதை மாணவர்களே கண்டுகொண்டார்கள்.

மாணவர்கள் இருவர் இருவராக வீடுகளில் தங்கினார்கள். எந்த வீட்டுக்கு யார் என்பதை நிறுவனம் தீர்மானிக்கவில்லை. ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டு அரசுக்கும் கிராமத்துக்கும் இடையே நிற்கும் துராங்கா நி கோரோ என்னும் நிர்வாகி ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் வீட்டுப் பெயர்களை வரிசையாக எழுதி, இதற்குமுன் வந்த குழுக்களை எந்தெந்த வீடு ஏற்றது என்று நேர்கோடு போட்டு வைத்திருந்தார். ஒரு வீட்டுக்கே திரும்பத் திரும்ப விருந்தினர் போய், மற்ற வீட்டார் மனம் வருந்தக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. தாழையோலைப் பாய் விரித்த கூடத்தில் விருந்தினருக்கு மெத்தை போட்டு, வீட்டார் பின்கட்டில் படுத்துக்கொண்டார்கள். இதை மாணவர்கள் இரண்டாம் நாள்தான் கவனித்தார்கள். கவனித்தபின் சிலர் உறங்கத் தயங்கினார்கள். மெத்தையைத் திருப்பிக் கொடுக்க முயன்ற ஒரு மாணவனிடம், அந்த வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே தலையணையையும் எடுத்துவந்து போட்டாராம்.

உணவைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். மரவள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த மீன், சேப்பங்கீரை ஆகியவைதாம் அன்றாடச் சாப்பாடு. சைவம் உண்ணும் பிள்ளைகள் பட்டினி கிடக்க நேராது. கீரையும் கிழங்கும் ஒருபுறமிருக்க, பருப்பும் ரொட்டியும் இந்திய வம்சாவளியினரிடமிருந்து ஃபிஜியின் எல்லாச் சமையலறைகளுக்கும் பரவிவிட்டவை. ஆனால் மீன் வெந்த பானையிலேயே கீரையும் வேகக்கூடும். அந்த அளவுக்குப் பேதம் பார்க்கும் குடும்பமாயின், வழிகாட்டி மூலம் முன்னரே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

இனி, பயணத்தின் பெயரிலேயே இருக்கும் சேவைக்கு வருகிறேன். நிறுவனம் எங்களுக்காக ஒதுக்கியிருந்த வேலை, கிராமப் பள்ளியின் வகுப்பறைச் சுவருக்கு வண்ணம் பூசுவது. பூசுவதற்குமுன் பழைய வண்ணத்தைச் சுரண்டச் சொன்னார்கள். சுரண்டச் சுரண்ட நீலத்துக்கு அடியில் மஞ்சளும், மஞ்சளுக்கு அடியில் வெளிர்ப்பச்சையும் தென்பட்டன. ஒவ்வோர் அடுக்கும் நல்ல நிலையிலேயே இருந்தது. எங்களுக்கு முன் வந்த பள்ளிகள் ஒவ்வொன்றும் அதே சுவருக்கு வண்ணம் பூசியிருக்கின்றன என்பதை விளக்க யாரும் தேவைப்படவில்லை. வண்ணம் பூசுவது பயிற்சியற்ற பிள்ளைகளாலும் முடியும், ஆபத்து இல்லை, முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள் இணையதளத்தில் அழகாக இருக்கும். இந்த மூன்று காரணங்களுக்காகவே இவ்வேலை தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது என் கணிப்பு. இதற்குச் செலவாகும் காசும், வண்ணப் பீப்பாய்கள் படகில் வரும் கூலியும் ஊருக்குத் தேவைப்பட்ட வேறொன்றுக்குப் போயிருக்கலாம்.

தேவைப்பட்டது தண்ணீர். வீட்டி லெவுவின் கிழக்குப் பகுதியில் மழை கொட்டும். மேற்கிலும் யசாவாவிலும் மே முதல் அக்டோபர் வரை வறட்சி. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துவைத்து அந்த மாதங்களை ஓட்ட வேண்டும். ஊருக்கு வந்து சேர்ந்திருந்த ஒரு பிளாஸ்டிக் நீர்த்தொட்டி, அடித்தளம் போட ஆளும் பொருளும் இன்றித் தென்னையடியில் சாய்ந்து கிடந்தது. எங்கள் வழிகாட்டியும் ஊர் நிர்வாகியும் பேசி, நிறுவனத்தின் அலுவலகத்தோடு தொலைபேசியில் வாதாடி, பாதி நாட்களை அந்த வேலைக்குத் திருப்பினார்கள். ஊரிலுள்ள தச்சர் ஒருவர் தலைமையேற்க, கூலியின்றி ஊரே கூடி உழைக்கும் சோலெசோலெவாகி என்னும் அவர்களது பழைய முறைப்படி ஆண்களும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். கடற்கரை முழுவதும் மணல் இருக்கும்போது எதற்காகப் படகில் மணல் மூட்டை வருகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். கடல் மணலின் உப்பு கான்கிரீட்டுக்குள்ளிருக்கும் கம்பியை அரித்துவிடும் என்று தச்சர் சொல்லி, துருவேறிப் பிளந்த ஒரு பழைய தூணைக் காட்டினார். தொட்டியைக் கட்டி நிறுத்த நான்கு மூலைகளிலும் கொக்கிகளைப் பதிக்க வேண்டும் என்பதிலும் அவர் விடாப்பிடியாக இருந்தார். புயல் வரும்போது காலியாக இருக்கும் தொட்டி பறந்துபோய்விடும். 2016 பிப்ரவரி 20 அன்று ஃபிஜியைத் தாக்கி 44 உயிர்களைப் பறித்த வின்ஸ்டன் புயலுக்குப்பின், இந்த நாட்டில் கூரையும் தொட்டியும் போடுபவர்கள் கட்டுக்கம்பியைப் பற்றிப் பேசாமல் ஒரு வேலையையும் தொடங்குவதில்லை என்றார் வழிகாட்டி.

உண்மையைச் சொன்னால், எங்கள் மாணவர்கள் செய்த வேலையை ஊர் இளைஞர்கள் அதில் பாதி நேரத்தில் முடித்திருப்பார்கள். மூட்டை தூக்கியதையும் கலவைக்கு நீர் சுமந்ததையும் தவிர, நுட்பமான எதையும் பிள்ளைகள் செய்யவில்லை. மட்டம் பார்த்த ஒரு பக்கத்தைத் தச்சர் மாலையில் தாமே திருத்தினார். ஆயினும் இந்த வேலை ஊர் கேட்டது, ஊரார் தலைமையில் நடந்தது, முடிந்தபின் ஊருக்குப் பயன்படுவது. வண்ணச் சுவரோடு ஒப்பிட்டால், சேவை என்ற சொல்லுக்குத் தகுதியானது இதுதான். ஆனால் நிறுவனத்தின் விளம்பர ஏட்டில் இதற்கு இடமே இல்லை. வழிகாட்டி வேறொருவராக இருந்திருந்தால் நாங்கள் நான்காவது வண்ணத்தைப் பூசிவிட்டு முழுமனத் திருப்தியோடு திரும்பியிருப்போம்.

கிராமப் பள்ளியில் "ஆங்கிலம் கற்பித்தல்" என்று இரண்டு காலைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பள்ளி நடக்கும் நாளில் வகுப்பை நிறுத்திவிட்டு, விருந்தினர் பாட்டுச் சொல்லித்தருவதை அந்தத் தலைமையாசிரியர் விரும்பவில்லை என்பது அவருடைய மரியாதையான பேச்சிலேயே தெரிந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் அருகே ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து, புத்தகம் வாசிக்கக் கேளுங்கள். அப்படியே செய்தோம். இது நன்றாகவே நடந்தது. குழந்தைகளைப் படமெடுக்க வேண்டுமாயின் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேட்டபிறகே என்ற விதியையும், கிராமத்தில் இருக்கும்வரை கைபேசிகளை ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியையும் நிறுவனம் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது, இதற்குப் பாராட்டு. அனாதை இல்ல வருகை எதுவும் திட்டத்தில் இல்லை என்பதும் முக்கியம். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017இல் அளித்த அறிக்கையில், வெளிநாட்டு இல்லங்களுக்குச் செல்லும் தன்னார்வப் பயணங்களே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் தொழிலுக்குத் தீனி போடுவதாகச் சுட்டிக்காட்டியது. எந்த நாட்டுக்கான திட்டமாயினும் அதில் அனாதை இல்லம் இருந்தால் கையெழுத்திடாதீர்கள்.

பணம். கட்டணத்தில் எவ்வளவு கிராமத்துக்குப் போகிறது என்று பயணத்துக்கு முன்பும் பின்பும் எழுதிக் கேட்டோம். "உள்ளூர்ச் சமூகத்துக்குக் கணிசமான பங்கு" என்ற ஒரே வாக்கியம் இருமுறையும் பதிலாக வந்தது. தங்கும் வீட்டுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு, ஊர்ப் பொதுநிதிக்கு இவ்வளவு, கட்டுமானப் பொருளுக்கு இவ்வளவு என்று மூன்று எண்களைத் தருவது எந்த நிறுவனத்துக்கும் கடினமான காரியம் அன்று. ஊர் நிர்வாகியின் குறிப்பேட்டில் வீட்டுக்கணக்கு இவ்வளவு ஒழுங்காக இருக்க, குளிர்சாதன அறையில் கணினியோடு அமர்ந்திருப்பவர்களிடம் அந்தக் கணக்கு இல்லை என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பயணத்தின் இறுதி இரண்டு இரவுகள் கடற்கரை விடுதியில் கழிந்தன. கட்டணம் உயர்வதற்கு அதுவும் ஒரு காரணம். பவளப்பாறைக்கு மேல் நீந்தியதில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். அதை நீக்கிவிட்டால் கட்டணம் குறைந்து, இதில் சேர முடியாத மாணவர் சிலரும் சேரலாம் என்பது என் எண்ணம்.

தமிழர் என்ற முறையில் ஒரு வருத்தமும் உண்டு. 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகவும் கப்பல்கள் வந்தன. அங்குள்ள தென்னிந்தியர்கள் 1926இல் தொடங்கிய சங்கம் இன்றும் பள்ளிகளை நடத்துகிறது. நாண்டி நகரின் முதன்மைச் சாலை முடியுமிடத்தில் வண்ணக் கோபுரத்தோடு நிற்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், எங்கள் பேருந்தின் சன்னலில் சில நொடிகள் தெரிந்து மறைந்தது. நிறுவனத்தின் முன்தயாரிப்பு ஏட்டில் இந்த வரலாற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. தீவுக் கிராமங்களுக்காகவே ஏற்பட்ட பயணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் யசாவாக் கிராமத்து அடுப்பில் ரொட்டி எப்படி வந்தது என்று கேட்ட மாணவர்களுக்கு நாண்டியில் அரை மணி நேரம் நின்று பதில் சொல்லியிருக்கலாம்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாக: பெரிய மருத்துவமனை வேண்டுமெனில் வீட்டி லெவுவில் உள்ள லௌட்டோகாவுக்குத்தான் வர வேண்டும், கடல் கொந்தளித்தால் அது எளிதன்று. ஆஸ்துமா, கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்து, ஒரு தொகுதியை ஆசிரியரிடம் விடுவது நல்லது. எங்கள் குழுவில் வயிற்றுப்போக்கும் பவளப்பாறைக் கீறலும் தவிர வேறொன்றும் நேரவில்லை. கீறலைச் சிறிதென்று விட்டுவிடாமல் அன்றன்றே கழுவி மருந்திட வேண்டும். ஈரமான வெப்பத்தில் அது விரைவில் சீழ் பிடிக்கும்.

பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையும், பெற்றோரின் வற்புறுத்தலுக்காகவோ பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கவோ வருபவர்களையும் இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; வாளித் தண்ணீரில் குளித்து, தரையில் அமர்ந்து, பெரியவர்கள் பேசும்போது வாய்மூடி இருக்க மனமில்லாத பிள்ளைக்கு இது தண்டனையாகவே இருக்கும். மற்றவர்களுக்கு, மேற்சொன்ன கேள்விகளைக் கேட்டபின், தாராளமாகப் பரிந்துரைப்பேன். எங்கள் பள்ளி அடுத்த பயணத்துக்கு இதே நிறுவனத்தை அமர்த்துவதற்கு முன் சில நிபந்தனைகளை எழுதி அனுப்பியிருக்கிறது: வேலையைக் கிராமமே தேர்ந்தெடுத்துக் குறைந்தது ஒரு பருவம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், கிராமத்துக்குச் சேரும் தொகை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும், அதே வழிகாட்டி வர வேண்டும், படகு உபகரணங்களின் பரிசோதனைச் சான்று இணைக்கப்பட வேண்டும். முதலாவதையும் மூன்றாவதையும் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்திருக்கிறது. சான்றை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தொகையைப் பற்றி மறுபடியும் அதே வாக்கியத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள்.